நிலாவெளி பஸ்ஸில் என் மகள் சொன்ன பதில்

கடையில் பாணுக்கும் மாவுக்கும் தட்டுப்பாடென்று வீட்டு வளவில் தோட்டம் போட்டேன். பள்ளிக்கூடத்தை நம்பாமல் மகளையும் வீட்டிலேயே படிப்பிக்கிறேன். அவள் உண்மையில் என்ன படிக்கிறாள்?

ஒருநாள் நிலாவெளி பஸ்ஸில் பக்கத்து வீட்டு மரியம்மா அவளைக் கேட்டாள்: "இண்டைக்கு என்ன பிள்ளை படிச்சனீ?"

"மரவள்ளி உரிச்சனான், கோழிக்கூடு கூட்டினனான். அம்மாவுக்கு நேரமில்லை, கணக்குச் செய்யேல்லை."

"அதுவும் படிப்புத்தான்," என்றேன் நான்.

மரியம்மா சிரித்தாள். "அப்ப என்ர மூத்தவளும் பட்டதாரிதான், அக்கா!"

மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி வீட்டு வேலைக்கு வைத்ததற்காகப் போன மாதம் மரியம்மாவுக்குப் புத்தி சொன்னவள் நான். வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களென்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் காலை கணக்குக் கொப்பியைத் திறந்தோம். மூன்றாவது கணக்கைச் செய்துகொண்டிருக்கையில் கோழிகள் கீரைப் பாத்திக்குள் இறங்கின. துரத்த மகளை அனுப்பியது நான்தான்.