மூலை உடையாத முக்கோணம்

லாரி உடைக்கும் யார்டுகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாக்பீஸ் அக்கா என்றால்தான் தெரியும். அவரைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்களுக்கும் அவர் அக்காதான்.

விபத்தில் நொறுங்கிய லாரிகளை ஏலத்தில் எடுத்து வருவது அவருடைய கணவரின் வேலை. ஏலத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள், அப்படி ஒரு கெட்டிக்காரர். வண்டி உள்ளே வந்ததும் கழற்றிப் போட இரண்டு ஆட்கள். கழற்றியதில் எது இன்னொரு வண்டியில் ஓடலாம், எது உலைக்குப் போக வேண்டும் என்று சொல்வது அக்கா. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் லேத் பட்டறையில் நின்றவர், இரும்பின் குணம் அவருக்கு அத்துப்படி.

ஒரு ஆக்சில் வந்தால் கம்பி பிரஷால் தேய்ப்பார். மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார். துணியால் ஒட்டத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் முடி இழை மாதிரி ஒரு கோடு கிளம்பும். கோடு வந்தால் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி. வராவிட்டால், பட்டறை நாளில் தானே செய்த 'பஞ்ச்' என்ற குத்துளியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. சின்ன முக்கோணம் பதியும். அந்தப் பஞ்ச் முனையின் ஒரு மூலை எப்போதோ உடைந்துபோனது. அதனால் அக்காவின் முக்கோணத்துக்கு இரண்டு மூலைதான். இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"அக்கா குத்துப் போட்ட சாமானா? கண்ண மூடிட்டு மாட்டு" என்பார்கள் மெக்கானிக்குகள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் காலை, மணல் லாரி ஓட்டும் மீசைக்காரர் இடது கையில் மாவுக்கட்டோடு வந்தார். வலது கையில் சாக்குப் பை. பையைக் கவிழ்த்தார். இரண்டாக முறிந்த ஸ்டப் ஆக்சில் தரையில் உருண்டது. லாரியின் முன்சக்கரத்தைத் தாங்கும் துண்டு அது.

"வளைவுல திரும்பினேன்க்கா. சக்கரம் தனியா எனக்கு முன்னாடி போகுது. வண்டி அப்படியே பள்ளத்துல சாஞ்சிடுச்சு. நல்ல வேளை, பக்கத்துல ஒருத்தரும் வரல."

"கை எப்படி இருக்கு?"

"ஒட்டிக்கும். சண்டை போட வரலக்கா நான். நீங்க பாத்த சாமான் ஒடையாதே, எப்படி ஒடைஞ்சதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

அக்கா முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பாதி புதுசாகப் பளபளத்தது. மீதிப் பாதி கறுத்துத் துருவேறிக் கிடந்தது. நாள்பட்ட விரிசல். சாக்பீஸ் பொடியில் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். பக்கவாட்டில் முக்கோணம் இருந்தது. விரலால் தடவினார். மூன்று மூலையும் முழுசாக இருந்தன. குத்தின் கீழே, தின்னர் போட்டுத் துடைத்தும் போகாமல், சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

"இது என் குத்து இல்லப்பா."

"இங்கதான்க்கா வாங்கினேன். அண்ணன்தான் எடுத்துக் குடுத்தாரு. அக்கா நேத்துதான் பாத்து வெச்சாங்கன்னாரு."

அக்கா அந்தத் துண்டைக் கீழே வைத்தார். அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார். கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மேசை இழுப்பறையை இழுத்து ஸ்பேனர்களைத் தள்ளிப் பார்த்தார். அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, புத்தம் புதிய பஞ்ச் ஒன்று இருந்தது. கணவர் போனை வைத்தார்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்ட முழிக்காதீங்க. எத்தனை நாளா?"

அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருஷம் இருக்கும். நீ பத்துக்கு நாலைக் கழிச்சா நான் எதை வச்சு யார்டை ஓட்டுறது? முடி அளவு விரிசல். அதெல்லாம் ஓடும்."

"ஓடின லட்சணம் வெளிய கட்டுப் போட்டு உக்காந்திருக்கு, பாருங்க."

"அவன் ஓவர்லோடு அடிச்சிருப்பான்."

அக்காவின் மனதில் அப்போது ஓடியது ஆக்சில் அல்ல, புகை. பெருக்கல் குறி போட்டதைத் துண்டு போடக் கேஸ் கட்டர் பற்றவைக்கும்போதெல்லாம் கணவர் சொல்வார், "புகை உனக்கு ஆகாது, கண்ணு கெட்டுப்போகும், நீ வீட்டுக்குப் போ." அக்கா போய்விடுவார். வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு கட்டர் சீறும் சத்தத்தைக் கேட்பார். தங்கையிடம் இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்: 'உன் மாமா பேசத் தெரியாதவருதான், ஆனா என் கண்ணுக்கு ஒண்ணு ஆக விடமாட்டாரு.' அந்தச் சத்தத்தில் வெட்டுப்பட்டது உடைந்த மட்கார்டும் உதவாத தகடும். பெருக்கல் குறி போட்டதெல்லாம் தின்னர் குளித்து, குத்து வாங்கிக்கொண்டு, முன்வாசல் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. பொய்யைக்கூட அவர் மன்னித்திருப்பார். அதை அன்பு மாதிரி கட்டிக் கொடுத்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

அன்று மதியமே அக்கா மண்ணெண்ணெய் பாட்டில், பிரஷ், சாக்பீஸ் டப்பா எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரி ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். மீசைக்காரர் ஒற்றைக் கையோடு கூடவே வந்தார். தங்கள் யார்டில் சாமான் வாங்கிய ஒவ்வொரு வண்டியாகத் தேடிப்போய், சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, குனிந்து பார்த்தார். முக்கோணத்தின் மூலையை விரலால் தடவினால் போதும், தெரிந்துவிடும்.

எல்லாரும் சும்மா கழற்றிக் காட்டவில்லை. "நல்லா ஓடுற வண்டிய எதுக்கும்மா கெடுக்குற?" என்று விரட்டியவர்கள் உண்டு. "புருஷன் விப்பாரு, பொண்டாட்டி வந்து கழட்டுவாங்க. நல்ல குடும்பம்" என்று ஒரு கிளீனர் சிரித்தார். அக்கா காதில் வாங்காத மாதிரி அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். பதினெட்டு நாளில் ஏழு துண்டுகள் கிடைத்தன. ஏழையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கூடவே நின்று வெட்ட வைத்தார். எட்டாவது ஒன்று இருந்திருக்கக்கூடிய லாரியை அதன் சொந்தக்காரர் யாரோ வெளியூர்க்காரருக்கு விற்றிருந்தார். வாங்கியவரின் விலாசம் கிடைக்கவில்லை. வளைவில் திரும்பும் எந்த லாரியைப் பார்த்தாலும் அக்காவின் கண் முதலில் முன்சக்கரத்துக்குப் போவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

விஷயம் தெரு முழுக்கப் பரவியது. யார்டுக்கு வரும் கூட்டம் பாதியானது. கணவர் வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் பேரை நாறடிச்சிட்டேல்ல?"

"உங்க பேரா? உங்க பேருக்கா அவங்க வாங்கினாங்க?"

அக்கா பழைய பஞ்ச், புதுப் பஞ்ச் இரண்டையும் பட்டறைச் சாணைக் கல்லில் வைத்து முனை தெரியாமல் தேய்த்துவிட்டார். யார்டுக்குப் போவதையும் நிறுத்தினார்.

மாவுக்கட்டுப் பிரித்த மறுவாரம் மீசைக்காரர் வாசலில் வந்து நின்றார். "ஒரு முன் ஆக்சில் வேணும்க்கா. தனியா போய் வாங்க பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

போனார். அந்த வேலை அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது அடிபட்ட லாரி வாங்குகிறவர்களும் பழைய சாமான் தேடுகிறவர்களும் அக்காவை அழைத்துக்கொண்டு யார்டு யார்டாகப் போகிறார்கள். அவர் இப்போது எதிலும் குத்துப் போடுவதில்லை. பொடியைத் தூவிவிட்டு, வாங்குபவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார். "நீங்களே பாருங்க. கோடு வருதா, வரலையா?" அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை.

எல்லா யார்டுக்கும் போகிறார், ஒன்றைத் தவிர. கணவரோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார். சாப்பாடு போடுகிறார், துணி மடித்து வைக்கிறார். போன மழைக்காலத்தில் ஒருநாள் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்பல்லாம் நெஜமாவே வெட்டிடுறேன்" என்றார்.

"சரி" என்றார் அக்கா. போய்ப் பார்க்கவில்லை.