ஃபோக் குவாயைக் கொன்றவள்

சிம் யுக்-லான் ஒன்பது வருஷமாக ஃபோக் குவாயைக் கொன்றுகொண்டிருந்தாள். கூரைமேல் வைத்து, மூங்கில் காட்டில் வைத்து, சாராயக்கடை மேஜைமேல் ஏற்றிவைத்து என்று கணக்கில்லாமல் கொன்றாள். அத்தனைக்கும் பேர் வாங்கிக்கொண்டு போனவன் சினிமாக் கதாநாயகன் யட்-ஃபெய். ஹாங்காங்கில் எந்தச் சுவர் போஸ்டரைப் பார்த்தாலும் வெள்ளை அங்கியும் உருவிய வாளுமாக அவன்தான் நிற்பான். உள்ளதைச் சொன்னால் அந்த ஆளுக்குக் கோழி அறுக்கக்கூடத் துப்பு கிடையாது. வாளை இடுப்பிலிருந்து உருவும்போதே இரண்டு தடவை தன் சட்டையைக் கிழித்துக்கொண்டவன்.

யட்-ஃபெய்க்கு ஒல்லி உடம்பு, குறுகின தோள். யுக்-லானுக்கும் அச்சாக அதே அளவு. அவள் இசைநாடகக் குழுவில் தளபதி வேஷம் கட்டி வளர்ந்தவள். முதுகில் நாலு கொடியும் காலில் கட்டைச் செருப்புமாக மேடையில் அவள் நடந்து வந்தால் ஆம்பிளைகளே எழுந்து வழிவிடுவார்கள். நாடகக் கொட்டகைகளில் ஈ ஓட்ட ஆரம்பித்ததும் மலைமேல் இருந்த சினிமா ஸ்டூடியோவுக்கு வந்து, யட்-ஃபெய்க்குச் சண்டை டூப்பாகச் சேர்ந்தாள். அங்கே நடிகைகளுக்கே ஆண்கள்தான் பொய்முடி வைத்து டூப் போடுவார்கள். அப்படியிருக்க, ஆணழகனுக்கு ஒரு பெண் டூப் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? அதனால் அவளுக்கு ஒரே ஒரு விதி: காமிராவுக்கு முதுகைத்தான் காட்ட வேண்டும். சுழலும்போது முகம் வருகிற கணத்தில் கையை உயர்த்தி, அங்கியின் அகலக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். அந்த மறைப்பைத்தான் ரசிகர்கள் யட்-ஃபெய்யின் தனி பாணி என்று சொல்லிக் கைதட்டினார்கள்!

ஃபோக் குவாய் எதிரி வாள்வீரனுக்கு டூப். வடக்கத்திச் சண்டைப் பள்ளியில் பழகினவன், பனைமர உயரம், வாய் அதைவிட நீளம். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள்.

"உங்க தெற்கத்தி வாள் வீச்சு என்னம்மா வீச்சு? கொசு ஓட்டுற மாதிரி இருக்கு" என்பான் அவன், கஞ்சிக் கிண்ணத்தை ஊதிக்கொண்டே.

"ஓட்டின கொசு நீதானே. தினம் அடிபட்டுச் சாகுறியே, வெக்கமா இல்ல?" என்பாள் இவள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஸ்டூடியோ ஒரு பெரிய படம் எடுத்தது. வடக்கிலும் தெற்கிலும் முதலிடம் பிடித்த இரண்டு வாள்வீரர்கள் கடைசியில் ஒரு மூங்கில் பாலத்தின்மேல் மோதுகிறார்கள். அந்தச் சண்டையை யுக்-லானும் ஃபோக் குவாயும் மூன்று மாதம் மல்லுக்கட்டி அமைத்தார்கள். நாற்பத்திரண்டு வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சண்டை, ஒரு கோபம், ஒரு நாள் பேச்சுவார்த்தை இல்லாமை. முடிந்தபோது, இதைவிட நல்ல சண்டை தன் கையால் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுடையது.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் இயக்குநர் மோக் அவளைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு நீ வர வேணாம் லான். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. யட்-ஃபெய்யே ரெண்டு வீச்சு வீசட்டும், போதும்."

"நாப்பத்திரண்டு இருக்கே?"

"யாரு எண்ணப் போறா? அப்புறம் இன்னொண்ணு. அடுத்த படத்துலேர்ந்து வேற ஆளு. ஆம்பிளை. மேலிடத்துக்குப் பயமா இருக்கு, என்னைத் திட்டாதே."

"ஒன்பது வருஷமா இல்லாத பயம் இப்ப எங்கேருந்து வந்துச்சு மாஸ்டர்?"

மோக் சிகரெட்டைத் தேடுகிற சாக்கில் பைகளைத் தடவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவள் வந்தாள். யட்-ஃபெய் குளத்தின்மேல் போட்ட மூங்கில் பாலத்தின் ஓரத்தில் பத்திரிகைக்காரர்களுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் காமிராப் பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

லைட் பிடிக்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றார்கள். காமிராப் பெட்டியில் பெண்பிள்ளை உட்கார்ந்தால் படம் விளங்காது, யாருக்காவது கை கால் போகும். சின்ன வேலைக்காரன் முதல் முதலாளி வரைக்கும் நம்புகிற விஷயம் அது. காமிராக்காரர் குவோக் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"அடிப்பாவி! எந்திரி லான், எந்திரிச்சுத் தொலை!"

"எந்திரிக்கிறேன் அண்ணே. வாளைக் குடுக்கச் சொல்லுங்க."

மோக் ஓடிவந்தான். கெஞ்சினான். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆளைவிட்டுத் தூக்கச் சொல்லவா?" என்றான்.

"தூக்கட்டும். ஆனா இந்தப் பெட்டிய இனிமே எவன் தொடுவான்னு கேட்டுக்கோங்க."

"நான் தொட மாட்டேன்பா" என்றார் குவோக். "இவ தானா எந்திரிச்சு, தன் கையால சாமிக்கு ஊதுபத்தி ஏத்தணும். அதுக்கு அப்புறம்தான் காமிரா ஓடும்."

பத்திரிகைக்காரர்கள் கழுத்தை நீட்ட ஆரம்பித்தார்கள். யார் இந்த அம்மா, என்ன தகராறு என்று ஒருவன் பேனாவை எடுத்தான். அந்த நேரம் பார்த்து ஃபோக் குவாய் எதிரி வேஷத்தோடு பாலத்திலிருந்து இறங்கினான். தன் வாளை மோக்கின் காலடியில் போட்டான்.

"நானும் இல்ல மாஸ்டர். ஒன்பது வருஷமா இவ கையாலதான் சாகுறேன். அந்தப் பவுடர் மூஞ்சி கையால சாக எனக்கு மானம் இடம் கொடுக்கல."

யுக்-லான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றி கின்றி என்று சொல்லியிருந்தால் அவன் கேலி செய்திருப்பான்.

மோக் லேசுப்பட்ட ஆளா? சிரித்த முகத்தோடு பத்திரிகைக்காரர்களை யட்-ஃபெய்யுடன் சேர்த்து, வாத்து வறுவல் ஆறிப்போகிறது என்று கேன்டீனுக்கு ஓட்டிவிட்டான். திரும்பி வந்து அவள் காதில், "ஒரே டேக். முதுகைக் காட்டிட்டுப் போயிடு" என்றான்.

அவள் எழுந்து ஊதுபத்தி ஏற்றினாள். வெள்ளை அங்கியை மாட்டினாள்.

நாற்பத்திரண்டு வீச்சும் ஒரே மூச்சில் போயின. மூங்கில் அதிர்ந்தது, வாள்கள் மோதுகிற சத்தத்தில் கீழே நின்றவர்கள் பேச்சை மறந்தார்கள். கடைசி வீச்சில் அவள் சுழன்றாள். முகம் காமிராப் பக்கம் வந்தது. கை உயர வேண்டும், உயரவில்லை. வேர்த்து, சிவந்து, பல்லைக் கடித்த நாற்பது வயசு முகத்தை அவள் காமிராவுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபோக் குவாயை வெட்டினாள்.

"முகம்! முகம் தெரியுது! கட்!" என்று மோக் அலறினான்.

ஃபோக் குவாய் அந்தக் கூச்சலைக் கேட்டானோ இல்லையோ, தன் முழுப் பாரத்தையும் போட்டு மல்லாக்க விழுந்தான். பாலம் நடுவில் முறிந்து அவனோடு சேர்ந்து தண்ணீரில் போய் விழுந்தது. தலையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், "அடடா, இனிமே ரீடேக் எடுக்க முடியாதே மாஸ்டர்" என்றான், பச்சைப் பிள்ளை மாதிரி.

சாயங்காலமே வாசல் காவலாளியிடம் இரண்டு பேர் பெயரும் போய்விட்டது, இனிமேல் உள்ளே விடாதே என்று. அவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. போங்கடா என்று மலையை விட்டு இறங்கினாள். எடிட்டிங்கில் அந்த முகத்தை வெட்டிப் பார்த்தார்கள். வெட்டினால் அடி விழுந்த மாதிரியே இல்லை, சண்டை செத்துப்போனது. புதிதாகப் பாலம் கட்ட மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மோக் அப்படியே விட்டுவிட்டான்.

படம் வந்த அன்று பகல் காட்சிக்கு அவளும் ஃபோக் குவாயும் டிக்கெட் எடுத்துப் போனார்கள். வான்சாய் தியேட்டரில் கூட்டம் நெரிந்தது, காலடியெல்லாம் ஜனம் கொறித்துத் துப்பின தர்பூசணி விதைத்தோல். கடைசிச் சண்டையில் யட்-ஃபெய்யின் பேரைச் சொல்லி ஜனம் கத்திக்கொண்டிருந்தது. அந்த முகம் வந்தது. இரண்டு விநாடிதான் இருக்கும். கத்தல் பாதியில் நின்றது.

முன்வரிசையில் மீன் நாற்றம் அடிக்கிற ஏப்ரனோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து திரையைக் காட்டினாள்.

"ஐயய்யோ, அது பொம்பளைடி! இத்தனை நாளும் கையால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு பொம்பளைதான் வெட்டியிருக்கா! யாருடி அவ?"

இருட்டில் யுக்-லான் எழுந்து நின்றாள்.

"நான்தாண்டி" என்றாள்.