எர்ணாவூர் கேட்டில் நின்ற கார்

எங்கள் முதல் காரைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எண்ணூரின் உப்புக்காற்று கதவுகளின் அடிப்பாகத்தைத் தின்றிருந்தது. பின்சீட்டுக்குக் கீழே ரோடு தெரியும். அங்கே ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தார் அப்பா. ஒருமுறை கிளம்பிவிட்டால் போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு மாலை தம்பிக்கு மூச்சுத்திணறல் வந்தது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நான் முன்சீட்டில். எர்ணாவூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. கேட் திறந்ததும் வழிவிடச் சொல்லி டிரைவரிடம் கேட்க அப்பா இறங்கிப் போனார். கார் உறுமிக்கொண்டே நின்றது.

கேட்டில் நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும், பெட்ரோல் மிச்சமாகும் என்று அந்த வாரம்தான் டீச்சர் சொல்லியிருந்தார். பெரியவர்கள் சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். கூட்ஸ் ரயில் தடதடத்துக் கடந்த நேரத்தில் சாவியைத் திருப்பி அணைத்தேன். உதவி செய்துவிட்ட திருப்திகூட இருந்தது.

கேட் திறந்தது. லாரி ஒதுங்கியது. ஓடிவந்து உட்கார்ந்த அப்பா ஒரு கணம் அசையவில்லை. பிறகு சாவியைத் திருப்பினார். 'க்ளிக்' என்றது, அவ்வளவுதான். பின்னால் ஹாரன்கள் அலறின. தம்பியின் விலா குழிந்து குழிந்து எழுந்தது. உதடு நிறம் மாறியிருந்தது.

"இன்னாச்சிய்யா?" அம்மா கத்தினாள்.

"தானா நின்னுட்ச்சி" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"இந்த ஓட்ட டப்பாவ வாங்காதன்னு தலபாடா அட்ச்சிக்கினேனே!"

மீன்கூடையோடு நின்ற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா, கார் வாங்கினியா, தள்ளுவண்டி வாங்கினியா?" என்று சிரித்தவள், தம்பியைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். "யோவ், ஹாரன் அட்ச்சது போதும்! கொயந்தைக்கு மூச்சு முட்டுது, வந்து தள்ளுங்கய்யா!"

நாலைந்து பேர் தள்ளினார்கள். தண்டவாளத்தின் மேல் கார் இருமி நின்றது. இன்னொரு தள்ளலில் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்த பிறகு தம்பியின் மூச்சு மெல்லச் சீரானது. "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..." என்று நர்ஸ் இழுத்தார். அம்மா அப்பாவையும் காரையும் சேர்த்து வைதாள். அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மறுவாரம் காரை விற்றுவிட்டார். நல்லவேளை, அவர் எதையும் கவனிக்கவில்லை என்று நான் நிம்மதியடைந்தேன். அம்மாவோடு சேர்ந்து காரைத் திட்டவும் செய்தேன்.

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, அவசரத்துக்கு ஆகட்டும் என்று கார் ஓட்டப் பழகினேன். முதல் நாளே வண்டி நடுரோட்டில் நின்றது. தானாக நின்ற வண்டியில் சாவி அணைக்கும் பக்கம் திரும்பாமல் அப்படியே இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.