கண்ணைப் பார்த்து மூன்று எண்ணு

பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் தாளைப் பாதி வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். விடைகள் தெரியும். ஆனால் தலைக்கு மேலிருந்த மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்றது. பின்பெஞ்சுக்காரி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். மேற்பார்வைக்கு வந்த சார் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே நடந்தார். இந்த மூன்றையும் தாண்டி ஒரு சூத்திரம்கூட என்னிடம் வந்து சேரவில்லை. கடைசி அரைமணி நேரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாவிக்கொத்து சார்தான் போய் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் சொல்லியிருக்கிறார். தாம்பரத்திலிருந்த எங்கள் பள்ளிக்கு அவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் அறை. மூன்று வாரம் என்னிடம் ஏதேதோ கேட்டார். பிறகு சொன்னார்.

"உனக்கு ஆட்டிசம் இருக்கலாம்னு தோணுதுமா. நான் அத முடிவு பண்ண முடியாது, சைக்காலஜிஸ்ட்தான் டெஸ்ட் பண்ணிச் சொல்லணும். இருந்தா சர்டிபிகேட் வாங்கி, பப்ளிக் எக்ஸாமுக்குத் தனி ரூம் கேக்கலாம்."

தனி ரூம். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. யாரும் இல்லாத ஓர் அறை, ஒரு மேசை, நான். வாழ்க்கையில் வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்து போனில் ஆட்டிசத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். என்னைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. இருப்புக்கொள்ளாமல் வாசல் கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு முன்ஹால்தான் அம்மாவின் டியூஷன் வகுப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கு. அவளிடம் படித்து யாரும் ஃபெயிலானதில்லை என்று எங்கள் ஏரியாவில் ஒரு பேர் உண்டு. நான் சொன்னதும் அவள் போர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமான போர்டையே ரொம்ப நேரம் துடைத்தாள்.

"டெஸ்ட் என்னிக்கு?" என்றாள்.

பெரிய சண்டைக்குத் தயாராகியிருந்தேன், அதனால் அவள் சம்மதித்ததே எனக்குப் போதும் என்றிருந்தது. டெஸ்ட் என்ற வார்த்தையை நான் அவள் காதில் போட்டிருக்கவே கூடாது. டெஸ்ட் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாளே டைம்டேபிள் போட்டுவிட்டாள். என்னென்ன கேட்பார்கள் என்று போனில் தேடி, லாங்சைஸ் நோட்டில் கேள்வியும் பதிலுமாக எழுதி வைத்தாள்.

"கண்ணப் பாத்துப் பேசு. மூணு எண்ணுற வரைக்கும் பாரு. ஒரு தடவ கீழ பாரு. மறுபடியும் மூணு."

"கண்ணப் பாக்க முடியலம்மா."

"அப்ப புருவத்துக்கு நடுவுல பாரு. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

நண்பர்கள் யார் என்று கேட்டால் மூன்று பேர் சொல்ல வேண்டுமாம். எனக்கு மூன்று பேர் இல்லை. அம்மாவே தன் டியூஷன் பிள்ளைகளில் மூன்று பேரைப் பொறுக்கித் தந்தாள்.

நீ ஏன் மறுக்கவில்லை என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு விதிகள் பிடிக்கும். ஒரு விதியைக் கொடுத்தால் நுனிவரை கற்றுக்கொள்வேன். தவிர, நன்றாகச் செய்தால் தோற்றுப்போகும் டெஸ்ட் ஒன்று உலகத்தில் உண்டு என்று அந்த வயதில் இந்த மக்குக்கு உறைக்கவே இல்லை.

சைக்காலஜிஸ்டின் கிளினிக் மேடவாக்கத்தில். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். நடுவில் ஆட்டோக்காரர் திரும்பி, "இன்னாம்மா, கொஞ்சம் தள்ளிக் குந்து, இன்னொரு அக்கா வந்துகினு கீது" என்றார். தெரியாத முழங்கை ஒன்று என் விலாவில் இடித்தது. நான் பை ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி. அம்மா என் கையைப் பிடித்து, "அங்க வந்து இத பண்ணிடாதடி" என்றாள்.

பண்ணவில்லை. இரண்டு மணி நேரம் ஒரு பிசகில்லாமல் செய்தேன். மூன்று எண்ணினேன், கீழே பார்த்தேன், மூன்று எண்ணினேன். மூன்று பெயர்களையும் சொன்னேன். இரண்டு இடத்தில் சிரித்தேன். பெற்றோருக்கான படிவத்தில் அம்மா எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டாள்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. பதற்றம் இருக்கிறது, ஆட்டிசம் என்று சொல்லப் போதுமான அறிகுறிகள் இல்லை. அம்மா கிளினிக் வாசலிலேயே எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். "நான்தான் சொன்னேனே, உனக்கு ஒண்ணுமில்ல." பாஸாகிவிட்டேன், அறை போய்விட்டது. ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் எரிந்தது.

பள்ளியில் ஸ்பெஷல் எஜுகேட்டர் அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணப் பாத்து இயல்பா பேசினாள்னு எழுதியிருக்காங்க. இங்க நீ ஜன்னலத்தானே பாப்ப?"

"அது அங்க மட்டும் மேம். மூணு எண்ணணும்."

"யாரு சொன்னது?"

டைம்டேபிளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. இதுபோல நீ கடைப்பிடிக்கும் விதி இன்னும் என்னென்ன, எழுதிக்கொண்டு வா என்றார். இரண்டு நாளில் பதினோரு பக்கம் எழுதினேன். லிஃப்டில் யாராவது சிரித்தால் திருப்பிச் சிரிக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டால் என்னென்ன சாப்பிட்டேன் என்று அடுக்கக் கூடாது. 'வீட்டுக்கு ஒரு நாள் வாங்க' என்றால் எந்த நாள் என்று கேட்கக் கூடாது. எழுத எழுத ஒவ்வொரு விதியும் அம்மாவின் குரலிலேயே கேட்டது.

அந்தப் பக்கங்களை அவர் சைக்காலஜிஸ்டுக்கு அனுப்பி, மறுபடி என்னைப் பார்க்க இன்னொரு நாள் கேட்டு வாங்கினார். அம்மாவுக்குக் கோபம்.

"பாஸான பேப்பருக்கு யாராவது ரீவேல்யூவேஷன் போடுவாங்களா?"

"எனக்கு அந்த ரூம் வேணும்மா. இல்லன்னா பப்ளிக்லயும் வெள்ளப் பேப்பர்தான் குடுப்பேன்."

வந்தாள். வழியெல்லாம் நான் பை ஜிப்பை விடவில்லை, அவளும் தடுக்கவில்லை.

சைக்காலஜிஸ்ட் இந்த முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு பக்கத்தையும் அம்மாவிடம் நீட்டினார். பேப்பர் திருத்துவதுபோல அம்மா வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தாள். நான் நாற்காலி நுனியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். இவள் மறுபடியும் 'இல்லை' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது.

"இதையெல்லாம் எப்பலேர்ந்து சொல்லிக்குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

அம்மா காகிதங்களை ஓரம் தட்டிச் சமமாக அடுக்கினாள்.

"மூணு வயசுலேர்ந்து மேடம். கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. காது கேக்கலையோன்னு பின்னாடி நின்னு கைதட்டிப் பாப்பேன். மத்த பிள்ளைங்க தானா பண்றத இவளுக்கு ஒண்ணொண்ணா சொல்லணும். சொல்லிக்குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன். இவ அப்பாகிட்டகூட சொல்லல. பதினாலு வருஷமா நடத்திக்கிட்டே இருக்கேன், இன்னும் போர்ஷன் முடியல மேடம்."

சைக்காலஜிஸ்ட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பின்னால் வந்த அறிக்கையில் அந்தப் பதில் முதல் பக்கத்திலேயே இருந்தது. சான்றிதழும் அறையும் அதை வைத்துத்தான் கிடைத்தன. அந்த நிமிடம் எனக்கு அதெல்லாம் தெரியாது. இத்தனை வருடம் தெரிந்தே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாளே என்று ஆத்திரம் பொங்கியது. கத்துவதற்குத்தான் திரும்பினேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கர்சீப்பைத் தேடிப் பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ரொம்பக் களைத்துப்போயிருந்தாள்.

"மீதிய சாய்ஸ்ல விட்டுடும்மா" என்றேன்.