தண்ணீர்க்காரி மெனேகாவின் கேள்வி

மெனேகா என்ற பெயரை நான் முதலில் கேட்டது வெனிசுக்கு வரும் படகில். "இறங்கினதும் கிணத்தடியில மெனேகா எங்கேன்னு கேளு. நம்ம மலைக்காரிதான். வேலையும் படுக்கையும் அவ பாத்துக்குவா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்படியே ஆயிற்று.

தோளில் காவடித் தண்டு, இரு முனையிலும் செப்புக் குடம், பதினோரு வீட்டுக்குத் தண்ணீர். படி ஏறும்போது வாய் திறக்கமாட்டாள், இறங்கும்போது மூடமாட்டாள். எந்த வீட்டில் சமையல்காரி நின்றுவிட்டாள் என்பது வீட்டுக்காரிக்கு முன்னே அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்கள் இங்கே கல்யாணம் செய்ய வேண்டுமானால், மாப்பிள்ளைக்கு வேறெங்கும் பெண்டாட்டி இல்லையென்று தெரிந்தவர் இருவர் கோயிலில் சத்தியம் செய்யவேண்டும். ஊர்க்காரன் என்றால் போதும், வேதப் புத்தகத்தில் கைவைத்துவிடுவோம். மெனேகாவும் ஒருமுறை வைத்தாள். மறு வருஷம் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து, "என் புருஷன் எங்கே?" என்று கிணற்றடியில் நின்றாள். அன்றிலிருந்து சாட்சி கேட்டு வரும் மாப்பிள்ளையிடம் மெனேகா கேட்பது ஒன்றுதான்: எந்தக் குளிர்காலத்தில் யாரோடு படுத்தாய்? கூலிக்காரர் இரண்டு மூன்று பேராய்த்தான் ஒரு கட்டிலில் படுப்போம். கூடப் படுத்தவனுக்குத் தெரியாத கல்யாணம் கிடையாது.

என் அக்காள் மகள் லுசியெத்தாவைக் கட்ட வந்த ரொட்டிக்காரன் பத்திஸ்தாவும் மாட்டினான்.

"முதல் குளிருக்கு பியெரோகூட, அத்தே. அடுத்தது மாமாகூட. மூணாவது கொரிசியா ஊருல, ஒரு ரொட்டிச் சூளையில... தனியா."

"தனியாவா? நீ என்ன பிரபு வீட்டுப் பிள்ளையா?"

"மாவு மூட்டை மேல படுத்தேன்."

"மாவு மூட்டை வந்து சாட்சி சொல்லுமாடா?"

லுசியெத்தா மூன்று மாதம். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் வயிறு ஊருக்கே சொல்லிவிடும். நான் கத்தினேன்: "நம்ம ஊர்ப் பையனையே நம்பமாட்டியாடி? அவ வயித்தப் பாரு!"

"பாத்துட்டுத்தான் சொல்றேன், கத்தீனாக்கா. தெரியாததுக்கு நான் கை வைக்கமாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் காவடித் தண்டைத் தூக்கி பத்திஸ்தாவின் தோளில் வைத்தாள். கிணற்றடிப் பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

"ராத்திரிதானே ரொட்டி சுடறே? பகல்ல இத சும. ஓடிப்போக நேரம் இருக்காது. அந்தச் சூளைக்காரன் பெண்டாட்டிய நானே போய்க் கேக்கறேன்."

கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கரைப் படகில் ஏறினாள்.

இன்றோடு ஐந்து நாள். தவக்காலத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. மெனேகா கொரிசியா போகும் சாலையில் இருக்கிறாள்.