மரியாதைக்கு நேரமில்லை

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நின்னுக்கறீங்களா" என்று மேலே கிரேன் கூண்டிலிருந்து வந்த குரல் முடிவதற்குள், இரும்பு உத்தரத்தின் முனை அவளுடைய ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுப் போயிற்று. ஹெல்மெட் உருண்டு கிரைண்டிங் மேஜைக்கு அடியில் போய் நின்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேஸ்திரி ஓடிவந்தார். அடிபடவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. கொக்கி மாட்டும் வேலை பொம்பளைக்கு ஆகாது என்று தலையால் அடித்துக்கொண்டேனே, யார் கேட்டீர்கள் என்று எல்லாரையும் பொதுவாகத் திட்டினார். நாளைக்கே வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்.

அவள் நாலு வருஷமாக அந்த கிரைண்டிங் மேஜையில்தான் பற்றவைத்த மேடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரும்புத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ராத்திரி அவள் இருமினால் தையல்காரப் புருஷன் எழுந்து முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். தூசியை விடு, இல்லாவிட்டால் வேலையையே விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட வீடு இடம் கொடுக்காது. கொக்கிக்காரர் வேறு ஊருக்குப் போனதால் ஷெட்டில் தூசி இல்லாத ஒரே இடம் காலியாகியிருந்தது. மூன்று வாரம் மேஸ்திரியின் பின்னாலேயே அலைந்து ஒருநாள் பார்க்கலாம் என்று சம்மதிக்கவைத்திருந்தாள். அந்த ஒருநாள்தான் இது.

கொக்கியில் நிற்பவருக்குப் பட்டப்பெயர் இருந்தாக வேண்டும். எங்கும் எழுதிவைக்காத வழக்கம். கிரேன் மணி எல்லாருக்குமாக அடிப்பது; எல்லாருக்குமாக அடிக்கிற மணிக்கு யாரும் நகர்வதில்லை. பேரைச் சொல்லிக் கத்தினால்தான் கால் தானாக விலகும். போன கொக்கிக்காரர் மொட்டை. முதல்நாள் மொட்டைத் தலையோடு வந்தவர். பிறகு தோள்வரை முடி வளர்ந்தது, பேர் மாறவில்லை. எதையும் இரவல் தராத வெல்டர் பூட்டு. உயரத்தில் உட்கார்ந்து பன் தின்று, தூளைக் கீழே இருப்பவர்கள் தலையில் உதிர்க்கும் கிரேன்காரர் காக்கா. தனக்குத் தானே பட்டப்பெயர் வைத்துக்கொள்ள முடியாது. மேஸ்திரி மாதிரி அதிகாரத்தில் இருப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. ஒருதடவை மேஸ்திரி அந்த வெல்டரைப் பூட்டு என்று கூப்பிட்டபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஷெட் கப்சிப்பென்று ஆகிவிட்டது. அவர் வாயில் அது வசவாக இருந்தது.

அவள் மட்டும் மேடம். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். சரிங்க மேடம் என்றார்கள். டீ குடிக்கும்போது, வீட்டில் தன்னைக் குட்டி என்பார்கள் என்று சொன்னாள். யாரும் சிரிக்கக்கூட இல்லை. பூட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டு, அது வீட்டிலேயே இருக்கட்டுங்க என்றார்.

அவள் எழுந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிரேன் ஏணியில் கால் வைத்தாள். காக்காவைத் தவிர யாரும் ஏறாத ஏணி. அவள் குள்ளம், ஒவ்வொரு படிக்கும் முழங்கால் நெஞ்சில் இடித்தது. பாதியில் மூச்சு முட்டி, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள். இறங்கச் சொல்லி மேஸ்திரி கத்தினார். அவள் ஏறினாள்.

கூண்டுக்குள் கிரேன்காரர் லீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கீழே மொட்டை நின்னிருந்தா எப்படிக் கத்தியிருப்பீங்க?"

"மொட்டை, விலகுடான்னு."

"எனக்கு மட்டும் ஏன் அவ்வளவு நீளம்?"

"எங்க அக்கா வயசு உங்களுக்கு. எப்படிங்க?"

"உங்க மரியாதை முடியறதுக்குள்ள என் தலை போயிடும். கொஞ்சம் குறைச்சுக்கங்க."

அவர் லீவரைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க மட்டும் என்னவாம்? நாலு வருஷமா என்னை ஆபரேட்டர் சார்னுதானே கூப்பிடறீங்க?"

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாத்தனார் சொல்லிக்கொடுத்தது அது. வாயில் சார் இருந்தால் ஒருத்தனும் கிட்டே வரமாட்டான். உண்மைதான், ஒருத்தரும் வரவில்லை. வேலியை அவளும்தான் போட்டிருக்கிறாள்.

இறங்கினாள். மேஸ்திரி ஆரம்பிப்பதற்குள், உத்தரம் இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது, நாளைக்கு வருகிற ஆள் வந்து இறக்கும்வரை தொங்கட்டுமா என்று கேட்டாள். அவர் அண்ணாந்து பார்த்தார். உத்தரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கையை விரித்துவிட்டு ஒதுங்கினார்.

அவள் உத்தரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினாள்.

"டேய் காக்கா, இறக்குடா."

பழக்கமில்லாத வார்த்தை, தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது. யாரும் அசையவில்லை. பூட்டு முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். கூண்டிலிருந்து ஒரு தலை நீண்டது, அவளை உற்றுப் பார்த்தது, உள்ளே போயிற்று. சங்கிலி கரகரவென்று இறங்கத் தொடங்கியது.

ஆள் உயரத்துக்கு வந்தபோது உத்தரம் மறுபடி திரும்பியது.

"ஏணி, விலகு!"

காக்கா யாரைக் கூப்பிட்டான் என்று யோசிப்பதற்கு முன்பே அவள் கால் விலகியிருந்தது. முனை காற்றைத் தள்ளிக்கொண்டு அவளைக் கடந்தது. அவள் மறுமுனையைப் பிடித்து நிறுத்தி, கட்டைகளின் மேல் இறக்கவைத்து, கொக்கியைக் கழற்றினாள். யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். இந்த உயரத்துக்கு இந்தப் பேரா என்று பூட்டு கேட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும்.

மறுநாள் வெளியாள் வரவில்லை. அவள் கொக்கியில் நின்றாள். மதியம்வரை உத்தரங்கள் ஏறி இறங்கின, அதற்குப் பிறகு தகடுகள். பூட்டு தன் கையுறையை இரவல் கொடுத்தார், சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் ஹெல்மெட்டில் பன் தூள் விழுந்தது. மேஸ்திரி ஒருதடவை ஏணி என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து மேடம் என்றார். என்ன சார் என்றாள். தகடுகளை வாசல் பக்கம் இறக்கச் சொன்னார். இறக்கினார்கள்.