பொட்டு வைத்த விஸ்கிப் போத்தல்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருசம் இழுத்தடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவன் விஸ்கியைப் பற்றி எழுதினால் கோயில் சனம் என்ன சொல்லும்? ஆனாலும் கண்ட அதிசயத்தை மறைக்க மனம் வரவில்லை.

நான் அகதியாக வந்த ஓல்போர்க் நகரில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் வீட்டைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு. கப்பல் இஞ்சினியராக இருந்தவர், தனிக்கட்டை. என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. எங்கட ஆக்களின் காகிதங்கள் கிடப்பில் கிடந்த காலம் அது.

பெரியவரின் கண்ணாடி அலுமாரியில் திறக்காத ஜப்பான் விஸ்கி ஒன்று இருந்தது. சேகரிப்பவர்கள் தேடித் திரிகிற போத்தலாம். அதை வடிக்கிற சாலைக்கே போய் வாங்கியவர், ஒருநாள் அதன் கதையைச் சொன்னார்.

வடிசாலையைத் தொடங்கியவர் ஸ்கொட்லாந்தில் தொழில் படித்து, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, பனி கொட்டும் ஜப்பானின் வடக்குக் கரையில் அதைக் கட்டினாராம். பீப்பாவில் விஸ்கி முதிரும் வரை ஆப்பிள் சாறு விற்றுப் பிழைத்தார்களாம். வருசாவருசம் பீப்பாவில் கொஞ்சம் காற்றோடு போய்விடும். அதை வானத்தின் பங்கு என்று விட்டுவிடுவார்களாம். வடிக்கிற செப்புப் பானைகளின் கழுத்தில் வைக்கோல் கயிறு கட்டி, வெள்ளைக் கடதாசி தொங்கவிட்டிருப்பார்களாம், சாமிக்கென்று. எனக்கு மெய் சிலிர்த்தது. கடவுளே, உன்னை எங்கெல்லாம் கூப்பிடுகிறார்கள்!

அந்த வருசம் ஆயுத பூசை என் வேலை நாளில் வந்தது. வாளிக்கும் தூசி உறிஞ்சும் மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அலுமாரியைத் துடைக்கும்போது கை சும்மா இருக்கவில்லை, போத்தலுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். ஈரச் சந்தனமும் குங்குமமும் லேபிளில் ஊறிப் பரவிவிட்டன.

"இதென்ன சிவப்பு?" என்றார் பெரியவர்.

"சாமிப் பொட்டு."

"விஸ்கிக்குமோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், பானைக்கே கயிறு கட்டுறவை எண்டு."

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை போச்சு என்று நின்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாப்பது வருசமாச் சேர்ச்சுக்குப் போகாதவன்ர வீட்டில நீ கோயில் கட்டிப்போட்டாய்! சேகரிக்கிறவன் இனி இதைத் தொடான். குடிக்கத்தான் வேணும். உன்ர மனுசி எப்ப வாறா?"

"காகிதம் வரேல்லை."

"அப்ப அண்டைக்குத் திறப்பம்."

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் கதவிலேயே கேட்பார்: "வந்ததோ?" "இல்லை" என்பேன். எங்கட காகிதங்களை மறித்து வைத்த மந்திரி மேல் விசாரணை என்று டீவியில் கதைத்தார்கள். வருசம் போனது. மகளின் படத்தில் அவளுக்குப் பல் விழுந்து முளைத்திருந்தது.

ஒருநாள் "ஓம்" என்றேன். பெரியவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

வந்து சேர்ந்த கிழமை மூவருமாகப் போனோம். போத்தலைத் திறந்ததும் புகையும் கடலும் கலந்ததுபோல் ஒரு வாசம். நான் குடிக்கவில்லை, மணந்து பார்த்தேன். மனைவி காதுக்குள் கேட்டாள்: "நீங்கள் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தது என்னையோ, இதையோ?" மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து, என்னை ஆரோ ஒருவனைப் போல் பார்த்தாள். பெரியவர் கிளாசை அவளுக்கு முன்னால் தூக்கிக் காட்டிவிட்டுக் குடித்தார். அவர் கண் கலங்கியதைக் கண்டேன்.

இதை ஆருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். நானும் குடித்தேன் என்று சேர்க்காதீர்கள். பொட்டு வைத்ததால்தான் விசா வந்தது என்றும் சொல்லவேண்டாம். அதே காலத்தில் காத்திருந்து, ஒருவரும் வந்து சேராத வீடுகளை எனக்குத் தெரியும். அவர்களும் கும்பிட்டவர்கள்தான்.